16 என்பது மதிப்பெண் அல்ல

விஸ்கி குடிக்கும் நம் ஆட்களிடம் ஒரு சிங்கிள் மால்ட் பாட்டிலை நீட்டினால் முதலில் வரும் கேள்வி "எத்தனை வருஷம்?" என்பதுதான். 12 என்றால் மரியாதை. 18 என்றால் பயபக்தி. 25 என்றால் மூடியைத் திறக்காமலே ஒரு கும்பிடு. எண் எதுவும் போடாத பாட்டில் என்றால் முகம் சுருங்கும். எந்த விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீ கடைக்குப் போனாலும் அலமாரியே இந்த நம்பிக்கையை ஒட்டித்தான் அடுக்கப்பட்டிருக்கும்: கீழ்த்தட்டில் இளசு, மேல்தட்டில் கிழடு, இரண்டுக்கும் நடுவே ஏறிக்கொண்டே போகும் விலை.

நம்பிக்கை மூன்று வரிதான். வயது ஏறினால் சுவை ஏறும். வயது ஏறினால் விலையும் ஏறும். ஆகவே அதிக விலை கொடுத்தவர் அதிகச் சுவையை அனுபவித்தார். இதில் நடு வரி பெரும்பாலும் உண்மை. முதல் வரி தவறு. மூன்றாவது, அந்தத் தவறின் மேல் எழுப்பிய மாடி.

இந்த நம்பிக்கை முட்டாள்தனத்தில் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டில் விஸ்கி என்ற பெயரில் நெடுங்காலம் விற்கப்பட்டதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவான மொலாசஸிலிருந்து காய்ச்சிய சாராயத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தது. அந்தச் சந்தையில் வளர்ந்தவருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பிளாக் லேபிள், சிவாஸ் ரீகல் பாட்டில்களில் பளிச்சென்று தெரிந்த 12 ஓர் உத்தரவாதம். இது தானியத்தில் செய்தது, மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்தது, அவசரத்தில் கலக்கியது இல்லை என்று அந்த எண் சொன்னது. போலியிலிருந்து அசலைப் பிரிக்க அந்த அடையாளம் போதும். ஆனால் அசலுக்குள் எது நல்லது என்று பிரிக்கவும் அதே எண்ணைக் கொண்டுவருகிறோமே, கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்காட்ச் விஸ்கிக்கான 2009ஆம் ஆண்டு விதிகள் என்ன சொல்கின்றன? 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில் ஸ்காட்லாந்துக்குள் குறைந்தது 3 ஆண்டுகள் கிடக்க வேண்டும். பாட்டிலில் 40 சதவீத ஆல்கஹாலுக்குக் குறையக் கூடாது. லேபிளில் வயது போட்டால், உள்ளே கலந்தவற்றில் ஆக இளையதின் வயதைத்தான் போட வேண்டும். அவ்வளவே. அந்த 3 ஆண்டு வரம்புகூட நாக்கைக் கேட்டு வைத்ததில்லை. முதல் உலகப் போரின் நடுவே, ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் குடியைக் கட்டுப்படுத்தத் துடித்த பிரிட்டிஷ் அரசு 1915இல் 2 ஆண்டு என்று சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே அது 3 ஆனது. எட்டை விடப் பதினாறு மேல் என்று எந்தச் சட்டமும் எங்கேயும் சொல்லவில்லை.

இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதை லண்டனைச் சேர்ந்த காம்பஸ் பாக்ஸ் நிறுவனம் 2016இல் வேடிக்கையாகவே காட்டியது. தன் விஸ்கிகளில் என்னென்ன வயதுச் சரக்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்று முழு விவரத்தையும் வெளியிட்டதற்காக அதன்மேல் முன்னரே புகார் எழுந்திருந்தது. இளையதின் வயதைத் தவிர வேறு வயதைச் சொல்ல விதியில் இடமில்லை என்றார்கள். பதிலுக்கு அவர்கள் '3 இயர் ஓல்டு டீலக்ஸ்' என்று ஒரு விஸ்கியைக் கொண்டுவந்தார்கள். அதில் 3 வருடச் சரக்கு ஒரு சதவீதம்கூடக் கிடையாது. மற்றதெல்லாம் அதைவிட மூத்தது. விலையோ 100 பவுண்டுக்கு மேல். சட்டப்படி லேபிளில் நின்ற எண் மட்டும் 3. எண்ணைப் பார்த்து மதிப்பிடுகிறவர் அந்தப் பாட்டிலை என்ன செய்திருப்பார்? அலமாரியின் ஆகக் கீழ்த்தட்டுக்குத் தள்ளியிருப்பார்.

சரி, விதி கிடக்கட்டும், நாக்கு என்ன சொல்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாக்கை விசாரிக்கும்போது சாட்சியைக் குழப்பக் கூடாது. ஓர் ஆலையின் 12ஐயும் இன்னோர் ஆலையின் 18ஐயும் பக்கத்தில் வைத்து "பார்த்தாயா, 18தான் மேல்" என்றால் அங்கே ஒப்பிடப்பட்டது வயதா, ஆலையா என்று யாராலும் சொல்ல முடியாது. வயதை விசாரிக்க வேண்டுமானால் ஆலை ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆலை என்பது எவ்வளவு பிடிவாதமான விஷயம் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஐலா தீவுத் தென்கரையில் உள்ள லகவூலின் ஆலையில் ஒரு சான்று இருக்கிறது. அதன் அன்றைய அதிபர் பீட்டர் மேக்கி, பக்கத்து ஆலையான லஃப்ரோய்க்கின் விஸ்கியை விற்கும் உரிமையை 1907இல் இழந்தார். கோபத்தில் அடுத்த ஆண்டே லகவூலின் வளாகத்துக்குள் 'மால்ட் மில்' என்று இன்னோர் ஆலையைக் கட்டி, லஃப்ரோய்க்கின் நகலைக் காய்ச்ச முயன்றார். ஒரே தீவு, புகையூட்ட எரிப்பது ஒரே பீட் கரிமண், கூப்பிடு தூரம். 1962இல் மூடப்படும் வரை அந்த ஆலை நல்ல விஸ்கி கொடுத்தது. லஃப்ரோய்க்கை மட்டும் கொடுக்கவே இல்லை. இன்றும் லகவூலினும், அதை நடத்தும் நிறுவனத்தின் இன்னோர் ஆலையான கூல் ஈலாவும் போர்ட் எலன் மால்டிங் கூடத்திலிருந்தே பீட் புகையூட்டிய பார்லியை வாங்குகின்றன. வரும் விஸ்கிகளை யாரும் குழப்பிக்கொள்வதில்லை. வாலையின் வடிவம், அதை எவ்வளவு நிரப்புகிறார்கள், எவ்வளவு மெதுவாக வடிக்கிறார்கள், வடிப்பின் எந்தப் பகுதியை வெட்டி எடுக்கிறார்கள் என்பதில்தான் ஆலையின் கையெழுத்து இருக்கிறது. லகவூலினில் முதல் வடிப்புக்கு ஏறத்தாழ 5 மணி நேரம். இரண்டாவதுக்கு 9 மணி நேரத்துக்கு மேல். சாராயத்துக்கு உருட்சியும் மென்மையும் வருவது இந்த நிதானத்தால் என்கிறார்கள்.

ஆகவே லகவூலினையே எடுத்துக்கொள்வோம். 8 வருடம், 48 சதவீதம். 12 வருடம், தண்ணீர் கலக்காமல் பீப்பாய் வலுவிலேயே வருவது, வருடத்துக்கு வருடம் மாறினாலும் சுமார் 56, 57 சதவீதம். 16 வருடம், 43 சதவீதம். நான்காவதாக டிஸ்டில்லர்ஸ் எடிஷன், பெட்ரோ ஹிமெனெஸ் என்ற இனிப்பு ஷெர்ரி ஊறிய பீப்பாயில் கடைசிக் காலத்தைக் கழித்தது. நான்கும் ஒரே வளாகத்துப் பிள்ளைகள்.

லேபிள் தெரிய வரிசையாக வைத்துக் குடித்தால் 16 ஜெயிக்கும். அது கிட்டத்தட்ட முன்பே எழுதிவைத்த தீர்ப்பு. கண் கொடுக்கும் தீர்ப்பை நாக்கு எப்படிக் கேட்டு நடக்கிறது என்பதற்கு 2001இல் வெளிவந்த போர்தோ ஆய்வு ஒன்றே போதும். வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து ஒயின் படிக்கும் மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளிலேயே அதை வர்ணித்தார்கள். பயிற்சி பெற்ற மூக்குகளின் கதி இது. "16" என்று அச்சிட்ட பாட்டிலையும் அதன் தேன் நிறத்தையும் பார்த்துவிட்டு "நான் சுவையை மட்டும்தான் பார்த்தேன்" என்று சொல்கிற நண்பரை எப்படி நம்புவது? அந்த நிறமும் வயதுக்குச் சாட்சி சொல்லாது. ஸ்காட்ச் விதிகள் கேரமல் நிறமியை அனுமதிக்கின்றன. ஜெர்மனியில் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும் என்பதால் அங்கே விற்கும் 16 பாட்டிலில் நிறமி சேர்த்த விவரமும் அச்சாகிறது.

எனவே இன்னொருவர் ஊற்ற வேண்டும். எந்த கிளாஸில் எது என்று குடிப்பவருக்குத் தெரியக் கூடாது. அடிவயிறு பருத்து வாய் குறுகிய கிளாஸ், ஒவ்வொன்றிலும் 20 மில்லி. இன்னொரு காரியம், பலரும் செய்யாதது: ஆல்கஹாலைச் சமப்படுத்த வேண்டும். 56 சதவீதத்தை 43 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைத்தால், வலு கூடியது மூக்கை எரித்துத் தோற்கும் அல்லது வாயை நிறைத்து ஜெயிக்கும். இரண்டுமே வயதின் வேலை இல்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் 12 வருட 20 மில்லியில் 6 மில்லி நீரும், 8 வருட 20 மில்லியில் இரண்டே கால் மில்லி நீரும் விட்டால் எல்லாம் சுமார் 43க்கு இறங்கிவிடும். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிறகு முகரலாம்.

இப்போது கிளாஸ்கள் பேசும். எட்டில் புகை முன்னால் வந்து நிற்கிறது. எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், உப்பு, கடைசியில் நாக்கில் ஒட்டும் சாம்பல். மறைக்க எதுவும் இல்லாத, நேரான சாராயம். பன்னிரண்டில் அதே புகை, ஆனால் கீழே பார்லியின் இனிப்பு எழுந்து வருகிறது. எலுமிச்சை அப்படியே இருக்கிறது, வாயில் எண்ணெய்ப் பசை கூடியிருக்கிறது. பதினாறில் புகை பின்வாங்கி அறைக்குள் பரவிவிட்டது. கடுந்தேநீர், உலர்ந்த பழம், டிஞ்சர் நெடி, முடிவில் மரத்தின் லேசான துவர்ப்பு. டிஸ்டில்லர்ஸ் எடிஷனில் உலர்திராட்சையும் காப்பிக் கசப்பும் புகையின் மேல் படிந்திருக்கின்றன.

இவற்றில் எது உயர்ந்தது? சாம்பலும் எலுமிச்சையும் பிடித்தவருக்கு 8 உயர்ந்தது. சாராயத்தின் உடல்கட்டைத் தேடுகிறவருக்கு 12. தணிந்த புகையும் தேநீர்த் துவர்ப்பும் கேட்கிறவருக்கு 16. இனிப்பு விரும்பிக்கு நான்காவது. குணங்கள் மாறின, தரம் படிப்படியாக ஏறவில்லை. படிக்கட்டு என்று நாம் நினைத்தது அடுத்தடுத்த அறைகள்.

"16இல் ஆழம் கூடுதல் என்று உங்கள் வர்ணனையிலேயே தெரிகிறதே" என்று மறுதரப்பு மடக்கலாம். அந்த ஆழம் எதனால் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பீப்பாய் விஸ்கிக்குத் தருவது வருடக் கணக்கை மட்டும் பொறுத்ததில்லை. அந்தப் பீப்பாயில் முன்பு என்ன இருந்தது, அது எத்தனையாவது முறை நிரப்பப்படுகிறது என்பதையும் பொறுத்தது. நம் வீட்டு ஃபில்டரில் முதல் டிகாக்‌ஷனுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இதுவும். தூள் ஒன்றுதான், இரண்டாவதை இரட்டிப்பு நேரம் ஊறவைத்தாலும் முதலாவது ஆகாது. போர்பன் இருந்த அமெரிக்க ஓக்கில் முதல் தடவையாக 8 ஆண்டு கிடந்த விஸ்கி, மூன்றாவது தடவை நிரப்பிய பீப்பாயில் 16 ஆண்டு கிடந்ததைவிட அதிக மரத்தைக் குடித்திருக்கும். லகவூலினின் 8 ஏற்கெனவே விஸ்கி இருந்த அமெரிக்க ஓக் பீப்பாய்களில் வளர்ந்தது என்று நிறுவனமே சொல்கிறது. 16 பாட்டிலின் உள்ளே எந்தப் பீப்பாய் எவ்வளவு என்று லேபிள் சொல்வதில்லை. அப்படியிருக்க, வித்தியாசம் முழுவதையும் அந்த 8 ஆண்டு இடைவெளியின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

16 என்ற எண்ணேகூட ஆதியிலிருந்து வந்ததில்லை. 1816இல் தொடங்கிய ஆலை இது. 1880களில் பிரிட்டன் முழுக்க ஆலை ஆலையாகச் சுற்றி 1887இல் புத்தகம் போட்ட ஆல்ஃபிரட் பார்னார்டு இங்கே குடித்துப் பாராட்டியது 8 வருடச் சரக்கை. ஆலையின் 200ஆம் ஆண்டுக்கு 2016இல் 8 வருட பாட்டில் வந்தது அந்த நினைவில்தான். 1980களில் ஒயிட் ஹார்ஸ் நிறுவனத்தின் பெயரோடு விற்ற லகவூலின் 12 வருடம். 1988இல் 'கிளாசிக் மால்ட்ஸ்' என்று ஆறு ஆலைகளை ஒரே வரிசையில் நிறுத்தி விற்கத் தொடங்கியபோதுதான் 16 இந்த ஆலையின் முகமானது. அந்தப் பத்தாண்டு ஸ்காட்லாந்தில் சரக்கு தேவைக்கு மீறித் தேங்கிய காலம். பக்கத்து போர்ட் எலன் ஆலையே 1983இல் மூடப்பட்டது. கிடங்கில் கிழச் சரக்கு இருந்தால்தான் கிழ எண்ணைப் போட முடியும். சுவையின் உச்சம் பதினாறாம் வயதில் வருகிறது என்று எந்த முனிவரும் கண்டு சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரிட்டனில் லகவூலின் 12, 16ஐவிடக் கூடுதல் விலைக்கே விற்று வந்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, அளவான எண்ணிக்கையில், தண்ணீர் சேர்க்காமல் வந்தது என்பதால். வயது என்ற ஏணியை நமக்கு விற்ற நிறுவனமே தன் வசதிக்கு ஏணியைத் தலைகீழாகப் பிடிக்கிறது.

"அப்படியானால் வயதான விஸ்கி ஏன் பொதுவாக விலை கூடுதல்?" பதில் எளிது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போகிறது. 16 ஆண்டில் கால் பங்குக்கு மேல் காணாமல் போகும். 25 ஆண்டில் ஐந்தில் இரண்டு பங்கு. அவ்வளவு காலம் கிடங்கில் இடம் வேண்டும், முதல் முடங்கிக் கிடக்கும், ஆல்கஹால் 40க்குக் கீழே இறங்கிவிட்டால் அது சட்டப்படி விஸ்கியே இல்லை. அந்த நட்டமும் அபாயமும் விலையில் ஏறுவது நியாயம். ஆனால் அது செலவின் விலை. ஆவியாகிப் போனதற்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம் என்பதால், மிச்சம் இருப்பது சுவையாகிவிடாது.

இங்கே எதிர்முகாமுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வயது வெறும் எண், அதில் எதுவும் இல்லை என்று வாதிடுகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்களில் முன்வரிசையில் நிற்பது விற்பனைப் பிரிவு. 2010இல் சிவாஸ் பிரதர்ஸ் நிறுவனம் வயதே முக்கியம் என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்தது. ஐந்தே ஆண்டில், மூத்த சரக்கு போதாமல் போனபோது, அதே நிறுவனத்தின் கிளென்லிவெட் தன் 12 வருட பாட்டிலைப் பிரிட்டன் போன்ற சந்தைகளில் ஒதுக்கிவிட்டு, வயது போடாத ஃபவுண்டர்ஸ் ரிசர்வை முன்னால் நிறுத்தியது. நேற்றுவரை வயதுதான் எல்லாம். இன்று வயது எதுவுமில்லை. இந்த இரண்டு வேதத்தையும் ஓதியது ஒரே வாய்.

வயது செய்கிற வேலை உண்டு. புதுச் சாராயத்தின் கந்தக நெடியைக் கரியேறிய மரம் உறிஞ்சிக்கொள்கிறது. காற்று மெல்ல உள்ளே புகுந்து கார்ப்பின் கூர்மையை மழுக்குகிறது. பழ வாசனைகள் காலப்போக்கில் உருவாகின்றன. பீட் புகை தணிகிறது. மூன்று வயதுச் சரக்கின் முரட்டுத்தனம் பத்து வயதில் அடங்குவது கற்பனை இல்லை. ஆனால் இந்த வேலைகளுக்கு ஒரு கட்டத்துக்குப் பிறகு கூலி குறைகிறது. மரம் மட்டும் தன் துவர்ப்பை ஏற்றிக்கொண்டே போகிறது. புகைக்காகவே குடிக்கிற ஐலா விஸ்கியில் புகை தணிவது முதிர்ச்சியா, இழப்பா என்பதைக் குடிக்கிறவரின் வாய்தான் சொல்ல வேண்டும்.

எண்ணின் மேல் உள்ள பக்தி நமக்கு இன்னொரு நட்டத்தையும் செய்கிறது. பெங்களூரின் அம்ருத் ஆலைக் கிடங்கில் ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆவியாகிறது. ஸ்காட்லாந்தில் 25 ஆண்டில் போவது அங்கே 5 ஆண்டில் போய்விடும். அந்த வெக்கையில் மரமும் சாராயமும் வேறு வேகத்தில் பழகுகின்றன. 18 வருடம் வைத்தால் பீப்பாயின் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சும். ஆகவே அம்ருத் பெரும்பாலும் வயது போடாமலே விற்கிறது. அதன் ஃபியூஷன் விஸ்கியை விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே தன் 2010 விஸ்கி பைபிளில் உலகின் மூன்றாவது சிறந்ததாக வைத்தார். அவர் தீர்ப்பே முடிவானது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "எத்தனை வருஷம்?" என்று மட்டும் கேட்கத் தெரிந்த நம் ஆள், பக்கத்து மாநிலத்துச் சரக்கை அந்த ஒரே கேள்வியில் தள்ளிவிட்டு, தூரத்து ஊரின் எண்ணுக்குக் காசைக் கொட்டுகிறார்.

கேள்வியை மாற்றுங்கள். எந்தப் பீப்பாய்? புதிதாக ஷெர்ரியோ போர்பனோ இருந்ததா, பலமுறை நிரப்பியதா? எத்தனை சதவீதத்தில் பாட்டிலில் அடைத்தார்கள்? நிறம் சேர்த்தார்களா? இந்த விவரங்களைச் சொல்லுகிற பாட்டில், வயதை மட்டும் பெரிதாக அச்சிட்ட பாட்டிலைவிட உங்களை மதிக்கிறது. அதற்குப் பிறகு ஒரே ஆலையின் இரண்டு மூன்று பாட்டில்களை நண்பர்கள் பங்கு போட்டு வாங்கி, கண்ணை ஏமாற்றிவிட்டு வாயைக் கேளுங்கள். அந்தப் பரீட்சையிலும் 16தான் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். அப்போது நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு சுவைக்குப் போகிறது. அதுவரை அது எண்ணுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.